நம் கொல்லை மண்ணை நாமே வளமாக்குவோம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



காய்கறித் தோட்ட மண்ணை வளப்படுத்தும் வழிகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் வேளாண்மைப் பட்டம் பெற்றவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். ஆயினும் கூலி உழவர் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பள்ளி வளாகத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் மாணவர்களோடு சில ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருபவன். நூல்களில் கற்றதையும், அந்த ஐந்து சென்ட் நிலம் எனக்குக் கற்பித்ததையும் உங்கள்முன் வைக்கிறேன்.

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் எருவையும் தழையையும் பற்றியா பேசுவது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. பள்ளித் தோட்டம் தொடங்கிய முதல் நாளிலேயே அந்த வினாவை நான் எதிர்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எருக்கூடையைத் தொட மறுத்து விலகி நின்றான். காரணம் கேட்டேன். "எங்க அம்மா தூக்குற கூடை போதாதா சார்?" என்றான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. ஏனெனில் என் தாயும் அதே கூடையைச் சுமந்தவர். கோடையில் குப்பைமேட்டிலிருந்து பிறர் வயலுக்கு நாள் முழுவதும் எருச் சுமந்து, மாலையில் தலையில் வழிந்த சாறோடு வீடு திரும்பிய அவருடைய தோற்றம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அன்று அந்தக் கூடையை நானே தூக்கினேன். ஆனால் அவன் கேட்ட வினாவுக்கு விடை கூறாமல் இத்தலைப்பில் பேசுவது முறையன்று. ஆதலின் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எரு சுமந்தோரும் நிலம் உடையோரும்

உழுவதினும் மேலானது எருவிடுதல் என்று வள்ளுவப் பெருந்தகை உழவு அதிகாரத்தில் கூறுகிறார். அந்த எருவைச் சுமந்த தலை யாருடையது, அது சென்று சேர்ந்த வயல் யாருடையது என்பதை நம் ஊர்கள் நன்கறியும். பிறருடைய மண்ணைத் தலைமுறை தலைமுறையாக வளமாக்கியவர்கள் நாம். நமக்கென ஒரு கை மண் இல்லாமற்போனதே நம் வரலாறு.

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராகப் பணியாற்றிய திரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விரிவாக ஆராய்ந்து 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அவையே இன்று நாம் பஞ்சமி நிலங்கள் என வழங்குபவை. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கலாகாது என்றும், அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதாருக்கு மாற்றலாகாது என்றும் நிபந்தனை இருந்தது. இருந்தும் அந்நிலங்களுள் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அவற்றை மீட்கக் கோரி 1994ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பகுதியின் காரணையில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

நிலம் கைமாறியதற்கு ஏமாற்றும் மிரட்டலும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. ஏழைக்குக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் எவரும் விரும்பாத தரிசும் கரடுமாகவே இருக்கும். விளையாத நிலம் கடனைக் கொடுக்கும். கடன் அடகைக் கொடுக்கும். அடகுக்குப் போன நிலம் திரும்புவது அரிது. ஆகவே நிலத்தின்மேல் உரிமை பெறுவது ஒரு போராட்டம் என்றால், அந்த நிலத்தை விளைய வைத்துக் காப்பதும் ஒரு போராட்டமே.

அண்ணல் அம்பேத்கர் 1918ஆம் ஆண்டில் இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒருவருடைய நிலம் போதுமானதா இல்லையா என்பதை ஏக்கர் கணக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் இடப்படும் மூலதனமும் உழைப்பும் கருவிகளும் எவ்வளவு என்பதே முடிவு செய்கிறது என்பது அக்கட்டுரையின் சாரம். உழவில் மிகுந்து கிடக்கும் உழைப்பாளரைத் தொழில் துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் அவர் அதில் வலியுறுத்தினார். எனவே படிக்காமல் மண்ணோடு கிடங்கள் என்று நான் கூறுவதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். படியுங்கள், வெளியூர் செல்லுங்கள், உயர்ந்த பதவிகளை அடையுங்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று சென்ட் கொல்லையைச் செத்த மண்ணாகக் கிடக்க விடாதீர்கள். அந்தக் கொல்லையும் எளிதில் வந்ததன்று. உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனைகளை அவர்களுக்கே உரிமையாக்க 1971ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

டஸ்கிகி தரும் பாடம்

இங்கே கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டைக் கூற விழைகிறேன். அமெரிக்க நாட்டில் அடிமைத் தாயொருத்திக்கு 1864ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கறுப்பின மக்களின் கல்விக்காக 1881ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில் தொடங்கப்பெற்ற டஸ்கிகி நிறுவனத்தில், 1896ஆம் ஆண்டு அவர் வேளாண்மை ஆசிரியராகச் சேர்ந்தார். அதுவும் நம் சங்கத்தைப்போல், ஒடுக்கப்பட்டோர் தமக்கெனக் கட்டியெழுப்பிய கல்வி நிலையமே.

அப்பகுதி மண் இடைவிடாத பருத்திச் சாகுபடியால் சத்திழந்து கிடந்தது. விடுதலை பெற்ற மக்கள் அதே பருத்திக் காடுகளில் வாரக் குடிகளாகக் கடனில் மூழ்கியிருந்தனர். விலை கொடுத்து உரம் வாங்க அவர்களிடம் பணமில்லை. கார்வர் அவர்களுக்குக் கூறிய வழி எளிமையானது. பருத்திக்கு இடையில் காராமணியும் நிலக்கடலையும் பயிரிடுங்கள். காட்டில் உதிரும் சருகையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் கொண்டுவந்து மக்கவையுங்கள். அவற்றுக்கு விலை இல்லை என்றார். சத்திழந்த மண்ணைத் தேற்றுவது எப்படி என்று 1905ஆம் ஆண்டில் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். 1906ஆம் ஆண்டில் ஒரு வண்டியையே நடமாடும் பள்ளியாக்கி, உழவர் இருக்கும் இடத்துக்கே பாடம் செல்லும்படி செய்தார். 1943ஆம் ஆண்டில் மறையும் வரை அந்நிறுவனத்தை விட்டு அவர் நீங்கவில்லை.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கட்டாயத்தின்பேரில் பிறருக்காகச் சுமந்த எரு இழிவின் அடையாளமாக இருந்தது. நம் அறிவைக் கொண்டு நம் மண்ணில் நாம் இடும் எருவோ உரிமையின் அடையாளம். பொருள் ஒன்றே, யாருக்காக, யாருடைய விருப்பத்தால் என்பதே வேறு. மேலும் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைச் சட்டம் தடை செய்துள்ளது. எந்தப் பெயராலும் அதற்கு நாம் இணங்கலாகாது. நான் இங்குப் பேசுவது தழையையும் சருகையும் சாணத்தையும் பற்றி மட்டுமே.

நம் பகுதி மண்ணின் இயல்பு

மருந்து கூறுமுன் நோயாளியை அறிய வேண்டும் அல்லவா? அரியலூர் வட்டாரம் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் சூழ்ந்திருந்த பகுதி. சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும் சங்கு, சிப்பி, நத்தைப் புதைபடிவங்களை வாரணவாசி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அந்தக் கடற்சுண்ணாம்புதான் நம் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். நம் கரிசல் மண்ணின் குணத்துக்கும் அதுவே காரணம்.

நம் பகுதியில் மூவகை மண்ணைக் காண்கிறோம். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல், நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். களரும் சுண்ணாம்பும் மிகுந்த இடங்களில் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகள் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டா. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிவது அதன் அறிகுறி. செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி செழிக்கும். ஆனால் விட்ட தண்ணீர் நில்லாது, இட்ட சத்தும் கீழிறங்கிவிடும். திருமானூர்ப் பக்கத்துக் கொள்ளிடக் கரை மண்ணோ வண்டல். அது நற்பேறு பெற்ற மண்.

இம்மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அதுவே மக்குப் பொருள் குறைவு. மண்ணில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்குக் கீழே இருப்பின் அம்மண்ணை வளம் குறைந்தது என ஆய்வகத்தார் வகைப்படுத்துவர். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் இட்ட மக்கு விரைவில் எரிந்து தீர்ந்துவிடும். எனவே ஆண்டுதோறும் இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்கு மிகக் குறைந்த செலவில் ஆகும் வழியே பசுந்தாள் உரம்.

பசுந்தாள் உரம் வேலை செய்யும் விதம்

ஒரு பயிரை அந்த நிலத்திலேயே வளர்த்துப் பூக்கும் பருவத்தில் அங்கேயே மடக்கி உழுவது பசுந்தாள் உரம். வேறிடத்து மரஞ்செடிகளின் தழையைக் கொண்டுவந்து இடுவது பசுந்தழை உரம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரசன் இருக்கிறது. ஆயினும் பயிர்கள் அதை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள்தாம் அதைப் பிடித்துப் பயிருக்கேற்ற தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள்.

இனி ஒரு கணக்கு. ஒரு சென்ட் நிலத்தில் நன்கு வளர்ந்த தக்கைப்பூண்டு ஏறத்தாழ 80 கிலோ பசுந்தழை தருவதாகக் கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 16 கிலோ, காய்ந்த பொருள். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து எனின் 480 கிராம். ஒரு கிலோ யூரியாவில் இருப்பதோ 460 கிராம்.

வகுப்பில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "யூரியா கிலோ ஏழு ரூபாய்கூட இல்லையே, அதற்காகவா இவ்வளவு பாடு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, எனக்கும் சற்றுத் திகைப்பாக இருந்தது. ஆனால் விடை உண்டு. யூரியா தழைச்சத்தை மட்டுமே தரும். மண்ணுக்கு உடம்பு தராது. தழையோ மக்கும்போது கரிசலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. செம்மண்ணுக்கு நீரைப் பிடிக்கும் ஆற்றலைத் தருகிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் உணவாகிறது. மக்கும்போது உண்டாகும் அமிலங்கள் சுண்ணாம்பு மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தையும் இரும்பையும் வேருக்கு எட்டச் செய்கின்றன. அத்தனை தழைச்சத்தும் முதற்பயிருக்கே கிடைத்துவிடாது என்பது உண்மை. ஆனால் எஞ்சியது அடுத்த பயிருக்கு மண்ணிலேயே இருக்கும்.

நான் செய்த பிழைகள்

பிழைகளை மறைக்கும் ஆசிரியன் நல்லாசிரியன் ஆகான். எங்கள் பள்ளித் தோட்டத்து மண் வெளுத்து இறுகிய சுண்ணாம்புக் கரிசல். முதல் ஆண்டு, எரு என்றால் எல்லாம் எருதானே என்று எண்ணி, மக்காத பச்சைச் சாணத்தைக் குழியில் இட்டுக் கத்தரி நட்டேன். அது புளித்துச் சூடேறிற்று, கறையானும் ஏறிற்று. பாதிக் கன்றுகள் பட்டுப்போயின.

அப்போது எங்கள் சத்துணவுக் கூடத்துச் சமையல் உதவியாளரான அம்மையார் என்னிடம் வந்து, "சார், மண்ணு செத்துக் கிடக்குது. மொதல்ல அதுக்குச் சோறு போடுங்க. சணப்பை வெதச்சுப் பூ எடுக்கறப்பவே மடக்கிடுங்க, முத்த விடாதீங்க" என்றார். அவர் பள்ளியில் படித்தவர் அல்லர். நாற்பது ஆண்டு நடவு நட்டவர்.

அவர் சொன்னபடியே சூன் மாதத்தில் சணப்பை விதைத்தேன். ஆனால் பள்ளிப் பணிகளின் நெருக்கடியில் உரிய நாளில் அறுக்கத் தவறினேன். எண்பது நாள் கழித்து அது கோலாக முற்றி நின்றபோது வெட்டிப் புதைத்து, மறுவாரமே தக்காளி நட்டேன். நாற்றுகள் எல்லாம் மஞ்சளாக வெளுத்து நின்றுவிட்டன. காரணம் பின்னர் விளங்கிற்று. முற்றிய தண்டில் கரிமம் மிகுதி, தழைச்சத்துக் குறைவு. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ள, நாற்றுக்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. அந்த அம்மையாரின் அறிவுரையில் பாதியை மட்டும் கேட்டதற்குக் கிடைத்த பரிசு அது.

மூன்றாம் ஆண்டு, நாற்பத்தைந்தாம் நாளிலேயே அறுத்து, துண்டுகளாக நறுக்கி, மண்ணோடு கலந்து, ஈரம் காத்து, மூன்று வாரம் பொறுத்தேன். அவ்வாண்டு விளைந்த கத்தரியும் வெண்டையும் வாரம் இருமுறை சத்துணவுக் கூடத்துக்குச் சென்றன. 1982ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் உண்டு வளர்ந்தவன் நான். என் மாணவர் தாம் விளைத்த காயைத் தம் தட்டிலேயே கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொற்களால் கூற இயலாது.

எதை, எப்போது, எவ்வளவு?

தக்கைப்பூண்டு களரையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும். கரிசலுக்கும் வண்டலுக்கும் ஏற்றது. சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். சணப்பை விரைந்து வளரும், களையை அடக்கும், தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சுண்டாக்கும் நூற்புழுவையும் குறைக்கும். ஆனால் நீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது. சென்ட்டுக்கு 120 முதல் 150 கிராம் விதைக்கலாம். கொளுஞ்சி வறட்சியைத் தாங்கும். ஆடுமாடு அதை விரும்பித் தின்பதில்லை. செம்மண் கொல்லைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அதன் விதைத்தோல் கடினமானது. ஆதலின் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தல் வேண்டும். சென்ட்டுக்கு 80 முதல் 100 கிராம் போதும். சிறிதும் இடத்தை விட்டுக்கொடுக்க இயலாதோர் தட்டைப்பயறு, பச்சைப்பயறு விதைத்து, காயைப் பறித்துக்கொண்டு கொடியை மண்ணில் மடக்கலாம். பயறு வீட்டுக்கு, தழை மண்ணுக்கு.

சித்திரை நடுவில் கோடை மழை ஈரத்தில் விதைத்தால் வைகாசி இறுதியில் மடக்கலாம். ஆனி மாதம் மண் ஆறும். ஆடிப் பட்டத்துக்குக் காய்கறி நடலாம். மூன்று விதிகளை நினைவிற்கொள்க. ஒன்று, பூக்கத் தொடங்கும்போதே மடக்குதல். இரண்டு, மடக்கும்போது மண்ணில் ஈரம் இருத்தல். மூன்று, நடுவதற்குமுன் இரண்டு மூன்று வாரம் பொறுத்தல்.

இயற்கை வேளாண்மைக்காக வாழ்நாளைச் செலவிட்ட நம்மாழ்வார் (1938-2013), கொள்ளிடத்துக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்தவர். தவசம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மணப்பயிர் என்னும் பலவகை விதைகளைக் கலந்து விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கும் பலதானிய விதைப்பை ஊர்தோறும் பரப்பினார். நெடுநாள் தரிசாகக் கிடந்த கொல்லையைத் தேற்றுவதற்கு அது நல்ல தொடக்கம்.

ஏனைய வழிகள்

விதைக்க இடமோ நீரோ இல்லாதோர் வேலியை உர ஆலை ஆக்கலாம். கிளைரிசிடியாக் கொம்புகளை மழைக்காலத்தில் வேலியோரம் ஊன்றினால், வளர்ந்தபின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தழை கழிக்கலாம். வேம்பு, புங்கு, பூவரசு, எருக்கு, ஆவாரை, நொச்சி ஆகிய தழைகளும் ஏற்றவை. முந்திரிச் சருகு தடித்தது, மெதுவாகவே மக்கும். அதை நேரே புதைக்காமல் மக்குக் குழியில் இடுவதே நன்று.

மக்கு உரம் செய்யும் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞரும் யஷ்வந்த் வாட் என்னும் நம் நாட்டவரும் இந்தூரில் ஆராய்ந்து 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். உழவர்கள் வழிவழியாகச் செய்துவந்ததற்கு அவர்கள் ஒழுங்கு வகுத்தனர் எனலாம். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, பசுந்தழை ஓர் அடுக்கு, மேலே சாணக் கரைசல் என மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பிழிந்த துணியளவு ஈரம் இருந்தால் போதும். உள்ளே சூடேறித் தணிந்தபின் கிளறிவிட வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனையோடு கறுத்து உதிரும். நாற்றமடித்தால் ஈரம் மிகுதி. மக்காமல் கிடந்தால் ஈரம் குறைவு. சருகைக் கொளுத்துவது காசைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

ஆட்டுக்கிடை போடுதலும், ஏரி வண்டல் இடுதலும் நம் முன்னோர் கண்ட வழிகள். சோழகங்கம் எனப்படும் பொன்னேரி முதல் சிற்றூர்க் குட்டைகள் வரை நம் நீர்நிலைகளில் படிவது மேட்டு நிலத்திலிருந்து அரித்து வந்த நல்ல மண்ணே. உரிய அனுமதி பெற்று வண்டல் எடுக்க அரசு வழி செய்துள்ளது. அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் படித்த இளைஞரின் கடமை. வண்டல் வண்டி ஊர்த்தெருவோடு நின்றுவிடாமல் நம் தெருவுக்கும் வந்து சேரப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தோட்ட நூல்கள் பலவும் சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் இடச் சொல்லும். புளிப்பு மண்ணுக்கு அது பொருந்தும். நம் சுண்ணாம்புக் கரிசலுக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டா. சாம்பலையும் மிகுதியாக இடலாகாது. செம்மண்ணில் அளவோடு இடலாம். எந்த அறிவுரையையும் நம் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும்.

அதற்கு வழி மண் ஆய்வு. மேற்குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலக் கை மண்வெட்டி தேவையில்லை, நம் மண்வெட்டியாலேயே அரை அடி ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழியெடுத்து, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீரான வரி மண்ணைச் சீவி எடுங்கள். நிலத்தின் பல இடங்களில் இவ்வாறு எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி, அரைக் கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். சோழமாதேவியிலும் வாலிகண்டபுரத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகத் தயங்க வேண்டாம். அவை நமக்கும் உரியவை. செயற்கை உரத்தை அறவே வெறுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. மக்கு நிறைந்த மண்ணில் அது குறைவாகவே போதும். மக்கு இல்லாத மண்ணில் எவ்வளவு இட்டாலும் நிறையாது.

இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்

கேரளத்தில் மகாத்மா அய்யங்காளி, நம்மையொத்த மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, உழவுத் தொழிலாளரை வயலில் இறங்காமல் நிறுத்திவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது அது. கல்வி உரிமையை வென்றெடுக்க உழவர் கைகளே கருவியாயின. கல்வியும் மண்ணும் நம் வரலாற்றில் ஒன்றுக்கொன்று அயலானவை அல்ல.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். இச்சங்கம் வெள்ளி விழா நினைவாக ஒரு விதைப் பெட்டியை வைக்கட்டும். கேட்கும் குடும்பத்துக்கு ஒரு சென்ட்டுக்கான விதையைக் கொடுத்து, அடுத்த ஆண்டு அதே அளவைத் திரும்பப் பெறட்டும். அதன்பொருட்டு ஒவ்வொருவரும் ஓரத்தில் நான்கு செடிகளை முற்ற விடுவாராக. மாலைநேரப் பாட வகுப்பில் மண் ஆய்வு அட்டையைப் படிக்கக் கற்பிக்கட்டும். முதியோரின் மண்ணறிவை, குறிப்பாக நம் தாய்மார்களின் அறிவை, இளைஞர்கள் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். அவனுக்குக் கூடை தரவில்லை. தோட்டக் குறிப்பேட்டை எழுதும் பொறுப்பைத் தந்தேன். விதைத்த நாள், மழை, பூத்த நாள் அனைத்தையும் அவனே எழுதினான். மஞ்சளான நாற்றுகளைப் பற்றி, "தலைமையாசிரியர் தாமதம்" என்று எழுதியதும் அவன்தான். நான் அதை அடிக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வந்தபோது, வீட்டுக் கொல்லைக்கு வேண்டுமென்று இருநூறு கிராம் தக்கைப்பூண்டு விதை கேட்டான். யார் தூக்குவது என்று நான் கேட்கவில்லை. "நானும் அம்மாவும்" என்று அவனே சொன்னான்.

நம் மண் நம்முடையதாகட்டும்; அது வளமுடையதாகவும் ஆகட்டும்.